டெமியன் மாயாவின் எம்எம்ஏ வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெமியன் மாயா யார்?

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 1977 நவம்பர் 6 அன்று பிறந்த ஜியு-ஜிட்சு வீரர்; அதாவது எதிராளியைத் தரையில் பிடித்து, கழுத்தையோ மூட்டையோ பூட்டிப் பணியவைக்கும் கலையில் தேர்ந்தவர். 2007 அக்டோபரிலிருந்து 2021 ஜூன் வரை எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளின் மிகப்பெரிய அமைப்பான யுஎஃப்சியில் 33 முறை மோதினார். அதில் 22 வெற்றி, 11 தோல்வி. யுஎஃப்சிக்கு முந்தைய சண்டைகளையும் சேர்த்தால் 28 வெற்றி, 11 தோல்வி. மிடில்வெயிட், வெல்டர்வெயிட் என இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டத்துக்காக மோதினார்; இரண்டு முறையும் கைக்கு வரவில்லை.

பட்டமே வாங்காதவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஃபாப்ரிசியோ வெர்டும், சார்லஸ் ஒலிவேரா போன்ற ஜியு-ஜிட்சுக்காரர்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காலப்போக்கில் குத்திலும் முழங்கால் அடியிலும் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள். மாயா அப்படி இல்லை. அவர் காலைப் பிடிப்பார், கீழே கொண்டுபோவார், முதுகில் ஏறுவார், கழுத்தைப் பிடிப்பார். இது எதிராளிக்குத் தெரியும், அவருடைய பயிற்சியாளருக்கும் தெரியும், மூன்று மாதம் அதற்காகவே தயாராகியும் வந்திருப்பார்கள். அப்படியும் 11 பேர் யுஎஃப்சியில் அவரிடம் சப்மிஷனில், அதாவது பிடி தாங்காமல் பணிந்து, விழுந்தார்கள். தரைச் சண்டை மட்டும் வைத்துக்கொண்டு எம்எம்ஏவில் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டிவரும் என்பதற்கு இவரைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

எம்எம்ஏவுக்கு வரும்போது ஜியு-ஜிட்சுவில் எந்த நிலையில் இருந்தார்?

உச்சத்தில் இருந்தார். நான்கு வயதில் ஜூடோ. 19 வயதில்தான் ஜியு-ஜிட்சுவுக்கு வந்தார். ஃபாபியோ குர்ஜெலிடம் ஐந்து ஆண்டுக்கும் குறைவான காலத்தில் கறுப்பு பெல்ட் வாங்கினார். பொதுவாக இதற்கு 8 முதல் 12 ஆண்டு ஆகும். சீருடை இல்லாத பிடிச் சண்டையின் மிகப்பெரிய போட்டியான ஏடிசிசியில் 88 கிலோ பிரிவில் 2005இல் வெள்ளி, 2007இல் தங்கம். தங்கம் வென்ற அதே ஆண்டு யுஎஃப்சியில் நுழைந்தார். அதற்கு முன்பே, 2006இல் பிரேசிலில் ஒரே இரவில் மூன்று சண்டை போட வேண்டிய ஒரு எம்எம்ஏ தொடரை வென்றிருந்தார்.

ஜியு-ஜிட்சு சாம்பியன் என்றால் எம்எம்ஏவிலும் ஜெயித்துவிடுவாரா?

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். அன்று எதிரே நின்றவர்களில் பலருக்குத் தரையில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. இன்று கூண்டுக்குள் வரும் எல்லோரும் தற்காப்புக்கு வேண்டிய ஜியு-ஜிட்சுவைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள்.

போட்டி ஜியு-ஜிட்சுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளும் சிறியவை அல்ல. சீருடை இல்லாததால் காலர், சட்டைக் கை என்று பிடிக்க எதுவும் இல்லை. இரண்டாம் சுற்றுக்குள் உடம்பெல்லாம் வியர்வையில் வழுக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இருவரையும் மறுபடி நிற்கவைப்பார்கள். நான்கு நிமிடம் பாடுபட்டுப் பிடித்த இடம் அதோடு போச்சு. கூண்டு வலையில் முதுகைச் சாய்த்து எதிராளி எழுந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தில் குத்து விழும்.

ரொடோல்ஃபோ வியேராவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பலமுறை உலக சாம்பியன், 2015இன் ஏடிசிசி சாம்பியன். 2021 பிப்ரவரியில் ஆன்டனி ஹெர்னாண்டஸுடன் மோதினார். முதல் சுற்றிலேயே முழு பலத்தையும் கொட்டி முடிக்கப் பார்த்தார், முடியவில்லை, மூச்சு வாங்கியது. இரண்டாம் சுற்றில் கில்லட்டின் சோக்கில், அதாவது முன்னாலிருந்து கழுத்தைக் கைக்குள் நெரிக்கும் பிடியில், அவரே தட்டிப் பணிந்துவிட்டார். நுணுக்கத்தில் குறை எதுவும் இல்லை. குத்துக்கும் வலைக்கும் நடுவே பலத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் கோளாறு.

யுஎஃப்சியில் மாயாவின் தொடக்கம் எப்படி இருந்தது?

முதல் ஐந்து சண்டையும் சப்மிஷன். ரயன் ஜென்சன், எட் ஹெர்மன், ஜேசன் மெக்டொனால்ட், நேட் குவாரி, சேல் சொனன். இவற்றில் சொனனுடன் 2009 பிப்ரவரியில் லண்டனில் நடந்த சண்டை தனியாகச் சொல்லத் தக்கது. சொனன் நல்ல மல்யுத்த வீரர். நெஞ்சோடு நெஞ்சு கட்டிப்பிடித்து மாயாவை வலைப்பக்கம் தள்ளினார். அந்தத் தள்ளும் வேகத்தையே வாங்கிக்கொண்டு மாயா பக்கவாட்டில் சரிந்து அவரைத் தூக்கி வீசினார். விழும்போதே மாயா மேலே, மவுண்டில், அதாவது வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்த நிலையில். அங்கிருந்து கால்களால் கழுத்தை நெரிக்கும் டிரையாங்கிள் சோக், 2 நிமிடம் 37 விநாடியில் முடிந்தது. சிறுவயது ஜூடோ வீண்போகவில்லை என்று காட்டிய சண்டை.

பிறகு ஏன் தடுமாறினார்?

2009 ஆகஸ்டில் போர்ட்லாந்தில் நேட் மார்க்வார்ட். மாயா ஒரு உதை விட்டார். ஒற்றைக்காலில் நிற்கும்போது எதிரிலிருந்து வலது குத்து வந்தது. 21 விநாடியில் நாக்அவுட். அதன்பின் குத்துச்சண்டைப் பயிற்சியில் இறங்கி, சில காலம் நின்று அடிப்பவராகவே மாறப் பார்த்தார். எங்கள் கணிப்பில் 2010, 2011 ஆண்டுகள் அவருக்குப் பாதி வீண். குத்து கற்றது தவறே இல்லை. தற்காப்பு, தூரம், ஏமாற்று அசைவு எல்லாம் அவருக்கு வேண்டியிருந்தன. கற்ற குத்தைக் காலைப் பிடிக்கப் போகும் வழியாக வைக்காமல், அதையே சண்டையாக வைத்தார் என்பதுதான் சிக்கல். மார்க் முன்யோஸிடமும் கிறிஸ் வைட்மனிடமும் நடுவர்களின் புள்ளித் தீர்ப்பில் தோற்றபோது இது பச்சையாகத் தெரிந்தது.

அபுதாபியில் ஆண்டர்சன் சில்வாவுடன் என்ன நடந்தது?

2010 ஏப்ரல் 10, யுஎஃப்சி 112. மிடில்வெயிட் சாம்பியன் சில்வாவுடன் பட்டத்துக்கு மோதவிருந்த விட்டோர் பெல்ஃபோர்ட் காயத்தால் விலக, மாயாவுக்கு அந்த இடம் கிடைத்தது. முதல் சுற்றுகளில் சில்வா தூரத்திலிருந்தே துல்லியமாக அடித்தார். பிறகு ஆடினார், கேலி செய்தார், சண்டை போடுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். மூக்கு உடைந்து கண் வீங்கிய மாயா கடைசிச் சுற்றுகளில் முன்னேறிக் குத்தினார். 5 சுற்றும் போய், தீர்ப்பு சில்வாவுக்கு. ஆனாலும் கூட்டத்தின் அனுதாபம் மாயா பக்கம் போனது. காலைப் பிடிக்கும் தூரத்துக்கு சில்வா அவரை வரவே விடவில்லை என்பதுதான் நுணுக்கமாகப் பார்த்தால் அந்தச் சண்டையின் பாடம்.

எடைப் பிரிவை மாற்றியது பலன் தந்ததா?

ரொம்பவே. மிடில்வெயிட் வரம்பு 185 பவுண்டு, ஏறத்தாழ 83.9 கிலோ. வெல்டர்வெயிட் 170 பவுண்டு, 77.1 கிலோ. 2012 ஜூலையில் இறங்கினார். மேல் பிரிவில் அவர் பிடித்த கால்களுக்குச் சொந்தக்காரர்கள் அவரைவிடப் பெரிய உடம்புக்காரர்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி அவர்மேல் எடையைப் போட்டாலே மூச்சுத் திணறும். கீழ்ப் பிரிவில் அந்தக் கஷ்டம் குறைந்தது. ஜேக் ஷீல்ட்ஸ், ரோரி மெக்டொனால்ட் இருவரிடமும் தோற்றாலும், 2014 மே முதல் 2017 மே வரை தொடர்ந்து 7 வெற்றி: யாகோவ்லெவ், லாஃப்ளேர், மேக்னி, குன்னர் நெல்சன், மேட் பிரவுன், கார்லோஸ் காண்டிட், மஸ்விடால்.

எதிராளியை அவர் கீழே கொண்டுபோகும் விதம் என்ன?

எங்களைக் கேட்டால் அவருடைய சோக்கைவிட இதைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தக்காரர்கள் இரண்டு காலையும் வாரி ஒரே வீச்சில் தரையில் போடுவார்கள். அதற்கு வெடிப்பான வேகம் வேண்டும். மாயாவின் வழி சிங்கிள் லெக், அதாவது ஒற்றைக்கால் பிடி. இடது கையால் ஒரு குத்துப் பாவனை. எதிராளியின் கை மேலே போகும் நொடியில் முழங்காலை மடக்கிக் குனிந்து முன்காலைப் பிடிப்பார். தலை எதிராளியின் நெஞ்சோடு உள்பக்கம் ஒட்டியிருக்கும். தலை வெளியே போனால் கில்லட்டின் சோக்குக்குக் கழுத்தைக் கொடுத்தது போலாகும்.

இதற்கு மேல்தான் வித்தியாசம். எதிராளி காலைப் பின்னுக்கு இழுத்து இடுப்பை அழுத்தினால் மற்றவர்கள் விட்டுவிட்டு எழுவார்கள். மாயா எழ மாட்டார். பிடித்த காலை விடாமல் அப்படியே அடியில் உட்கார்ந்து ஹாஃப் கார்டுக்குப் போவார்: எதிராளியின் ஒரு கால் தன் இரண்டு கால்களுக்கு நடுவே, தன் ஒரு கை அவருடைய அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றி. குத்த இடம் கிடைக்காதபடி உடம்பை ஒட்டியே வைத்திருப்பார். எதிராளி எடையைப் பின்னால் எடுத்த கணமே அந்தக் கையை ஊன்றாகக் கொண்டு முழங்காலில் எழுந்து, மறுபடி அதே ஒற்றைக்கால் பிடி. இப்போது எதிராளி பாதி சாய்ந்து நிற்பார், விழுவது எளிது. விழாமல் திரும்பினாலோ முதுகைக் காட்டுவார். மாயாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆக, எதிராளி எதைச் செய்தாலும் அடுத்த படி ஒன்று தயாராக இருக்கும். முதல் முயற்சி தோற்பதே இரண்டாவதின் தொடக்கம்.

முதுகில் ஏறிய பிறகு?

ஒரு கை தோளுக்கு மேலாக, மறு கை அக்குளுக்குக் கீழாக, இரண்டும் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். இதை சீட் பெல்ட் பிடி என்பார்கள். கால்களால் பாடி டிரையாங்கிள்: ஒரு காலை வயிற்றைச் சுற்றிப் போட்டு, அதன் கணுக்காலை மறு முழங்காலின் மடிப்பில் பூட்டுவது. வெறும் குதிகாலைத் தொடையில் மாட்டும் ஹூக்கைவிட இது கழற்றக் கடினம். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு இறுகும். எதிராளி நின்றுகொண்டாலும் இறங்க மாட்டார். 'மனித முதுகுப்பை' என்று ரசிகர்கள் பட்டப்பெயர் வைத்தது இதனால்தான்.

பூட்டு விழுந்த பக்கமாகவே எதிராளி சாய்ந்து படுத்து இடுப்பைத் திருப்பினால் தப்ப வழி கிடைக்கும் என்பது இதன் பலவீனம். ஆகவே மாயா மறுபக்கம் சாய்க்கப் பார்ப்பார், அல்லது பூட்டைக் கால் மாற்றிப் போடுவார். அவசரமே இருக்காது. ஒரு சுற்று முழுக்க முதுகிலேயே இருந்து, காதோரம் சின்னச் சின்னக் குத்துகள் போட்டுக்கொண்டிருப்பார். அவை வலிக்காகப் போடுபவை அல்ல. முகத்தைக் காக்கக் கை மேலே போனால் கழுத்து திறக்கும்.

கையுறையோடு ரியர் நேக்கட் சோக் போடுவதில் என்ன சிக்கல்?

பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி இது. வெறும் கையில் முன்கை தாடைக்கடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். யுஎஃப்சியின் 4 அவுன்ஸ் கையுறையில் விரல்முட்டிக்கு மேல் பஞ்சு இருப்பதால் தாடையில் இடிக்கும். எதிராளியும் நாடியை நெஞ்சில் அழுத்தி, சோக் போடும் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மணிக்கட்டைப் பிடிக்கலாம், கையுறையின் உள்ளே விரல் விட்டுப் பிடிக்க விதி இடம் தராது.

தீர்வு இந்த வரிசையில் போகும். முதலில் எதிராளியின் ஒரு கையைக் கீழே இழுத்து, முடிந்தால் தன் காலுக்கடியில் சிக்கவைப்பது. எஞ்சிய ஒரு கையை மணிக்கட்டில் பிடித்து விலக்குவது. அடுத்து முன்கையின் கத்தி விளிம்பு, அதாவது கட்டைவிரல் பக்க எலும்பு, காதுக்கடியிலிருந்து தாடையோரமாக நுழைவது. முழங்கை மடிப்பு குரல்வளைக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்க ரத்தக்குழாயும் அழுந்தும். மறுகையின் மேற்கையைப் பிடித்து, அந்த மறுகையின் உள்ளங்கையைப் பிடரிக்குப் பின்னால் நுழைக்கும்போது கையுறையின் பஞ்சுப் பகுதி தலையில் மாட்டிக்கொள்ளும். புறங்கையைத் தலையோடு ஒட்டி நுழைப்பது, இல்லாவிட்டால் இரண்டு உள்ளங்கையையும் கோத்து இழுப்பது வழக்கம். கையால் மட்டும் நெரித்தால் முப்பது விநாடியில் முன்கை மரத்துவிடும். நெஞ்சை விரித்து, முழங்கைகளைப் பின்னால் இழுத்து அழுத்த வேண்டும். சரியாக விழுந்தால் 10 விநாடி அளவில் எதிராளி தட்டுவார், தட்டாவிட்டால் மயங்குவார்.

ரிக் ஸ்டோரியை வீழ்த்தியது சோக் இல்லை என்கிறார்களே?

உண்மை. 2012 அக்டோபர், ரியோ. ஸ்டோரி நாடியை இறக்கிக் கழுத்தை மூடிவிட்டார். மாயா அதைத் திறக்க முயலாமல் தாடைக்கு மேலேயே கையைக் கட்டி முகத்தைத் திருகினார். மூக்கிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது, ஸ்டோரி தட்டினார். பதிவேட்டில் அது நெக் கிராங்க். ரத்தக்குழாயை அழுத்துவது இல்லை, கழுத்தெலும்புக்கும் தாடைக்கும் தரும் வலி. பயிற்சிக் கூடத்தில் நண்பர்மேல் முழு வேகத்தில் இதைப் போடாதீர்கள். தட்டுவதற்கு முன்பே காயம் வந்துவிடும்.

டைரன் உட்லியிடம் ஏன் எதுவுமே பலிக்கவில்லை?

2017 ஜூலை 29, அனஹைம், யுஎஃப்சி 214, வெல்டர்வெயிட் பட்டச் சண்டை. மாயா 20க்கும் மேற்பட்ட முறை காலுக்குப் பாய்ந்தார். ஒன்றுகூட டேக்டவுனாக, அதாவது தரையில் வீழ்த்துவதாக, முடியவில்லை. உட்லி கல்லூரி மல்யுத்தத்தில் அமெரிக்க அளவில் பெயர் வாங்கியவர். அவர் செய்தது மூன்று விஷயம். மாயா காலைப் பிடித்ததும் இடுப்பைத் திருப்பிக் காலை உதறி எடுத்தார். மாயா உட்கார்ந்தபோது மேலே விழாமல் விலகி நின்றார், ஹாஃப் கார்டு பொறியில் கால் வைக்கவே இல்லை. வலது குத்தை எப்போதும் தயாராகக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பயந்து மாயா தூரத்திலிருந்தே பாய வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து வரும் பாய்ச்சல் கண்ணுக்குத் தெரியும். பார்க்கச் சலிப்பான சண்டை, அரங்கம் கூச்சலிட்டது. ஆனால் ஒரு பொறியை மறுப்பது எப்படி என்பதற்கு அது பாடநூல். மஸ்விடாலுடன் மூன்று சுற்று மோதி 11 வாரத்தில் இந்தப் பட்டச் சண்டைக்கு வந்தார் மாயா, அதுவும் 39 வயதில். அது உதவியிருக்காது.

அதன்பின் கோவிங்டன், உஸ்மான். இருவரும் கல்லூரி மல்யுத்தக்காரர்கள், இருவரிடமும் தீர்ப்பில் தோல்வி.

அப்படியானால் மல்யுத்தக்காரர்கள்தான் அவருக்கு எமனா?

பாதிதான் சரி. சொனன், ஜான் ஃபிட்ச், பென் ஆஸ்க்ரென் மூவரும் மல்யுத்தக்காரர்கள். மூவரும் மாயாவிடம் தோற்றார்கள். இவர்கள் தரைக்கு விரும்பிப் போனவர்கள், மேலே இருந்து கட்டுப்படுத்தலாம் என்று நினைத்தவர்கள். தங்கள் மல்யுத்தத்தை நின்றபடி இருக்க மட்டும் பயன்படுத்திய உட்லி, உஸ்மான் வகையினர்தான் ஜெயித்தார்கள். பணியவைக்கும் கலை அவரிடம் எப்போதும் இருந்தது. தரைக்குப் போகும் பாதை அடைபட்ட நாளில் அதற்கு வேலையில்லாமல் போனது. 11 தோல்வியில் 9 தீர்ப்பில், 2 அடியில். ஒருவர்கூட அவரை சப்மிஷனில் தட்டவைக்கவில்லை.

கார்டில் படுத்துச் சண்டை போட்டால் நடுவர்கள் புள்ளி தருவார்களா?

கார்டு என்பது மல்லாந்து படுத்து எதிராளியைக் கால்களால் கட்டிவைக்கும் நிலை. கீழே இருந்து உண்மையான ஆபத்தை உண்டாக்கினால் தருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 10 புள்ளி முறை. முதலில் பார்ப்பது பலன் தரும் அடியும் பலன் தரும் பிடிச் சண்டையும். சும்மா கால்களால் கட்டிப் படுத்திருந்தால் மேலே இருப்பவர் விடும் சில குத்துகளே அந்தச் சுற்றை அவருக்குக் கொடுத்துவிடும். போட்டி ஜியு-ஜிட்சுவில் மரியாதையான இடம் இது; இங்கே கடன்காரன் இடம். 2023 மேயில் சார்ல்ஸ் ஜூர்டானுடன் மோதிய கிரோன் கிரேசி மீண்டும் மீண்டும் கார்டுக்கு இழுத்து, மூன்று சுற்று முடிவில் தீர்ப்பில் தோற்றார். மாயாவும் கீழே உட்காருவார், ஆனால் மேலே வருவதற்காக மட்டும்.

அவரைவிட இளைய ஜியு-ஜிட்சுக்காரர்களுடன் மோதியிருக்கிறாரா?

நெல்சனை 2015 டிசம்பரில் மூன்று சுற்றும் தரையில் உருட்டி எடுத்தார். நடுவர்கள் 30–26, 30–25, 30–25 என்று கொடுத்தார்கள். கில்பர்ட் பர்ன்ஸ் வேறு கதை. 2020 மார்ச் 14, பிரேசிலியா, கோவிட் காரணமாக ஆளில்லாத அரங்கம். மாயா சீக்கிரமே முதுகைப் பிடித்தார். ஆனால் பர்ன்ஸும் ஜியு-ஜிட்சு உலக சாம்பியன். பதறாமல் கழன்று எழுந்து, இடது கை ஹூக் குத்தில் முதல் சுற்றிலேயே முடித்தார். மாயாவுக்கு அப்போது 42 வயது.

ஜியு-ஜிட்சுவிலிருந்து எம்எம்ஏவுக்குப் போக நினைப்பவர் முதலில் எதை மாற்ற வேண்டும்?

வாரத்தில் சரிபாதி நேரமாவது சீருடையைக் கழற்றிவையுங்கள். சுவரோரம் ஒற்றைக்கால் பிடியைப் பழகுங்கள்: ஒருவர் வலையில் சாய்ந்து நிற்க, 5 நிமிடம் விடாமல் பிடி, இழப்பு, மறுபடி பிடி. முதுகுப் பிடியையும் சோக்கையும் கையுறை மாட்டிக்கொண்டே பழகுங்கள். சண்டையன்றுதான் முதன்முதலாகப் பஞ்சு இடிப்பதை உணர்ந்தால் கதை முடிந்தது. கீழே இருந்து எழுவதை சப்மிஷனுக்கு முன்னால் வையுங்கள். குத்துப் பயிற்சியில் இலக்கு யாரையும் வீழ்த்துவது அல்ல. கண்ணை மூடாமல் குத்தைப் பார்க்கவும், குத்தியபடியே குனியவும் வந்தால் போதும். முதல் சுற்றில் எதிராளி காய்ந்த உடம்போடு இருக்கும்போதுதான் பிடி நிற்கும் என்பதால் மெதுவாகத் தொடங்கவும் முடியாது. அதேசமயம் வியேரா போல எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. பிடி கிடைத்ததும் பலத்தைத் தளர்த்தி எடையால் அழுத்துவதுதான் மாயா கண்டுகொண்ட நடுவழி.

எந்தச் சண்டைகளைப் பார்த்தால் போதும்?

சொனன், தூக்கிப் போடுவதற்கு. காண்டிட், 2016 ஆகஸ்ட், வான்கூவர்: 1 நிமிடம் 52 விநாடிதான், ஆனால் பிடியிலிருந்து சோக் வரை எல்லாப் படியும் இருக்கிறது. மேட் பிரவுன், அதே ஆண்டு மே, குரிடிபா: கடைசிச் சுற்றில் 29 விநாடி மீதமிருக்கும்போதும் முதுகை விடாமல் முடிப்பது. தோல்வியில் உட்லியை ஒலி இல்லாமல், இடுப்பை மட்டும் கவனித்துப் பாருங்கள். கடைசியாக 2019 அக்டோபர், சிங்கப்பூர், ஆஸ்க்ரென்: மூன்றாம் சுற்றில் ஆஸ்க்ரென் மேலே இருக்கிறார், மாயா அவரைக் கீழிருந்து புரட்டி முதுகுக்குப் போகும் இடத்தை நான்கைந்து முறை திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.